சனி, ஞாயிறு ஆட்டங்களும் தொழிலாளர் ஒற்றுமையும்

(தோட்ட விளையாட்டு மன்றத்தின் பொதுக் கூட்டத்தில், மன்றச் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

வருகிற சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தோட்டத்துக் குழுவோடு நம் கிரிக்கெட் குழு நம் திடலில் ஆடுகிறது. மறுநாள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, செம்பனைப் பிரிவில் வேலை செய்யும் வங்காளதேசத் தோழர்களின் குழுவோடு அதே திடலில் ஆடுகிறது. இரண்டும் நட்பு ஆட்டங்கள். கோப்பை இல்லை, பரிசுப் பணம் இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை.

இந்த அறிவிப்பைக் கடைச் சுவரில் ஒட்டிய நாள் முதலாக நம்மவர்கள் மூன்று கேள்விகள் கேட்டு வருகிறார்கள். கோப்பை இல்லாத ஆட்டம் எதற்கு என்பது ஒன்று. ஞாயிறு வேலைக்குப் போனால் கூடுதல் காசு கிடைக்குமே, அதை விட்டுவிட்டு வெயிலில் ஓடுவானேன் என்பது இரண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு நமக்கென்ன ஆட்டம் என்பது மூன்று. இந்த மூன்றாவது கேள்வியைச் சிலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள்; பலர் மனத்துக்குள் கேட்கிறார்கள். மூன்றுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

கோப்பை இல்லாத ஆட்டம்

கோப்பைக்காக ஆடும்போது என்ன நடக்கிறது? கைதேர்ந்த பதினொரு பேர் ஆடுகிறார்கள். மற்றவர்கள் தண்ணீர் சுமக்கிறார்கள். அந்தப் பதினொரு பேரிலும் இரண்டு பேர் மட்டை பிடிக்கிறார்கள், மூன்று பேர் பந்து வீசுகிறார்கள், மீதிப்பேர் எல்லைக் கோட்டில் நின்று வெயில் காய்கிறார்கள். தோற்றுவிட்டாலோ, பந்தைத் தவறவிட்ட பையன் அடுத்த வாரம் திடல் பக்கமே வருவதில்லை. கோப்பை ஆட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது ஆண்டுக்கு ஒரு முறை வரட்டும். ஆனால் ஒரு மன்றத்தை ஆண்டு முழுவதும் உயிரோடு வைத்திருப்பது நட்பு ஆட்டமே. அதில் புதியவன் பழகுவான். வயதானவர் ஒதுக்கப்பட மாட்டார். தோற்றவரும் சேர்ந்தே தேநீர் குடிப்பார்.

கிரிக்கெட் துரைமார் ஆட்டம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் கண்ட கிரிக்கெட் அப்படித்தான் இருந்தது. கோலாலம்பூரில் 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் திடலில் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆடினார்கள். தோட்டங்களிலே பாட்டாளி மக்கள் ஆடியது கால்பந்து. ஆனால் கிரிக்கெட்டின் பிறப்பைப் பார்த்தால், அது கிராமத்து உழைப்பாளிகளின் கைகளிலும் வளர்ந்த ஆட்டம் என்பது புலப்படும்.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஹாம்பிள்டன் என்று ஒரு கிராமம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் கிராமத்து மன்றம் நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. 1777இல் அகில இங்கிலாந்துக் குழுவையே ஓர் இன்னிங்சும் 168 ஓட்டங்களும் வித்தியாசத்தில் அது வென்றது. பணம் போட்டவர்கள் பிரபுக்கள்தாம். ஆனால் ஆடியவர்களிலே மண்பாண்டம் செய்பவர் இருந்தார், குடியானவர் இருந்தார், விடுதி நடத்துபவர் இருந்தார். ஜான் ஸ்மால் என்னும் பெரிய மட்டைவீரர் செருப்புத் தைக்கும் தொழிலாளி.

அந்த ஜான் ஸ்மாலுக்கு 1775இல் பந்து வீசியவர் ஸ்டீவன்ஸ் என்பவர். ஒரு பிரபுவின் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்நாளில் விக்கெட்டுக்கு இரண்டே கட்டைகள். ஸ்டீவன்ஸ் வீசிய பந்து மூன்று முறை இரு கட்டைகளுக்கும் நடுவே புகுந்து போயிற்று. கட்டை விழவில்லை, ஆகவே மட்டைவீரர் ஆட்டமிழக்கவும் இல்லை. இது நியாயமல்ல என்று பார்த்தவர்களுக்கே பட்டது. அதன் பிறகுதான் நடுவில் மூன்றாவது கட்டை வந்தது. இன்று உலகெங்கும் மூன்று கட்டைகள் நிற்பதற்கு ஒரு தோட்டத் தொழிலாளி வீசிய பந்து காரணம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அதே இங்கிலாந்தில் பிற்பாடு, கூலி வாங்கி ஆடுபவர் ஒரு சாதி, கூலி வாங்காத கனவான் ஒரு சாதி என்று கோடு கிழித்தார்கள். லார்ட்ஸ் திடலில் கனவான்கள் இறங்க ஒரு வாயில், தொழில்முறை ஆட்டக்காரர் இறங்க வேறொரு வாயில் என்று இருந்தது. 1806இல் தொடங்கிய ‘கனவான்களும் ஆட்டக்காரர்களும்’ மோதும் போட்டி 1962 வரை நடந்தது. அந்த ஆண்டோடுதான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. ஆட்டத் திடலிலும் வாயில் ஒன்றாக வேண்டுமானால் கோடு அழிய வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

ஓய்வு நாள் தானமாக வந்ததல்ல

சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம் என்கிறோம். சனிக்கிழமை பிற்பகல் உழைப்பாளிக்குச் சொந்தமானது எப்போது? பிரிட்டனில் 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலை பிற்பகல் இரண்டு மணியோடு முடிய வேண்டும் என்று விதித்தது. அது முதற்படி. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது வயலில் உழைத்தவனுக்குச் சுலபத்தில் கிடைக்கவில்லை. 1913இல் லங்காஷயரில் ஆம்ஸ்கர்க் பகுதிப் பண்ணைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சனிக்கிழமை ஒரு மணிக்கு வேலை முடிய வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. வார இறுதியில் கிராமத்துத் திடலில் பந்து உருள வேண்டுமானால், அதற்கு முன்னால் யாரோ சிலர் வேலையை நிறுத்திப் போராடியிருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் அப்படியே. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டும் என்கிறது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து வாரத்தின் வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஓய்வு நாளில் வேலைக்கு வா என்று கட்டாயப்படுத்தலாகாது. சட்டம் குறிப்பிடும் சில அவசர நிலைமைகள் மட்டுமே அதற்கு விலக்கு. விரும்பிச் செய்தாலும், பாதி நாளுக்கு மேல் வேலை செய்த நாட்கூலிக்காரருக்கு இரண்டு நாள் கூலி கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காக ஒரு ஞாயிறு வேலைக்குப் போகும் தகப்பனை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். குடும்பக் கணக்கு அவரவருக்குத் தெரியும். ஆனால் எல்லா ஞாயிறுகளையும் விற்றுவிட்டால் என்ன ஆகும்? ஏழாவது நாள் கூலியையும் சேர்த்துத்தான் குடும்பம் நடத்த முடியும் என்ற நிலை வந்துவிட்டால், ஆறு நாள் கூலி போதவில்லை என்று கேட்கும் வாய் நமக்கு இருக்காது. ஓய்வு நாளை ஓய்வு நாளாகவே வைத்திருப்பது கூலிப் போராட்டத்தின் ஒரு பகுதி. திடலில் மட்டை பிடித்து நிற்கும் தொழிலாளி, சட்டம் தனக்குத் தந்த நாளை நாலுபேர் காண அனுபவிக்கிறான்.

தோட்டத்து வாயில்

இனி, வெளித் தோட்டத்தார் நம் திடலுக்கு வருவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று ஒரு வேனில் ஏறி வந்து ஆடிவிட்டுப் போவது சாதாரணமாகத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் அது சாதாரணமாக இருக்கவில்லை.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி தமிழ்த் தொழிலாளிக்கும் வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்றார்கள். அவற்றோடு, உற்றார் உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள்.

வீட்டுக்கு விருந்தாளி வருவதையே கோரிக்கையாக எழுதிக் கேட்க வேண்டியிருந்தது, தோழர்களே! முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

சனிக்கிழமை அக்கரைத் தோட்டத்தார் நம் வாயிலுக்குள் நுழையும்போது இதை எண்ணிப் பாருங்கள். ஒரு தோட்டத்துத் தொழிலாளி அடுத்த தோட்டத்துத் தொழிலாளியைச் சந்தித்துவிடக் கூடாது என்பது அன்றைய முதலாளிமார்களின் கவலை. சந்தித்தால் கூலியை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மருந்தகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மண்டோரின் நடத்தையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒப்பிடத் தொடங்கிவிட்டால் சங்கம் பிறந்துவிடும். தனித்தனியாக இருந்த தோட்டச் சங்கங்கள் 1954இல் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அதற்கும் அடிப்படை, ஒரு தோட்டத்தான் இன்னொரு தோட்டத்தானை அறிந்திருந்ததே.

அவர்களோடு ஏன் ஆட வேண்டும்?

இப்போது மூன்றாவது கேள்வி. “அவர்கள் வந்ததால்தான் நம் கூலி உயரவில்லை. அவர்களோடு கைகுலுக்க வேண்டுமா?” என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மலிவான ஆள் கிடைக்கும்போது இருக்கிற ஆளுக்குக் கூலி உயர்த்த எந்த முதலாளிக்கும் மனம் வராது. அது உண்மை. ஆனால் அந்தக் கோபம் யார் மேல் போக வேண்டும்?

நம் பாட்டனும் பூட்டனும் இந்த மண்ணுக்கு எப்படி வந்தார்கள்? கங்காணி அழைத்து வந்தார். கப்பலில் ஏறி வந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்ததால் தோட்ட முதலாளிமார்கள் கூலியைத் தாழ்வாகவே வைத்திருக்க முடிந்தது. இந்திய அரசாங்கம் 1938இல் அந்த வகை ஆள் அனுப்புதலைத் தடை செய்யும் வரையில் இது நடந்தது. இன்று வங்காளதேசத்துத் தோழரைப் பற்றி நாம் சொல்லும் சொல்லை அன்று நம் பாட்டனைப் பற்றி இன்னொருவர் சொல்லியிருப்பார். பாட்டன் மேல் குற்றமில்லை என்றால் இவர் மேலும் குற்றமில்லை.

வழி என்ன? ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1941இல் கேட்டதுதான் வழி. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2025 பிப்ரவரி முதல் நாளிலிருந்து அது 1,700 வெள்ளி என்று ஆனது. தோட்டத்தில் உழைப்பவர் உள்நாட்டவரானாலும் வெளிநாட்டவரானாலும் இந்தச் சட்டம் ஒன்றே. ஆனால் தன் உரிமை இன்னதென்று அறியாதவனிடம் சட்டம் ஏட்டிலேயே நின்றுவிடும். அவனுக்கு வார ஓய்வு மறுக்கப்பட்டால், நாளை நமக்கும் மறுக்க அதுவே முன்னுதாரணமாகும். அவனுடைய கடப்பிதழை வேறொருவர் பூட்டி வைத்திருந்தால், அவனால் வாய் திறக்க முடியாது. வாய் திறவாத ஒருவன் பக்கத்து நிரையில் நின்றால் நம் பேச்சுக்கும் வலுவில்லை.

வெளிநாட்டுத் தொழிலாளரும் சங்கத்தில் உறுப்பினராகலாம். ஆனால் முகம் தெரியாதவனிடம் உறுப்பினர் பாரத்தை நீட்டினால் வாங்குவானா? நம் லயத்துக்கும் அவர்களுடைய கொங்சிக்கும் நடக்கும் தூரம்தான். ஆண்டுகள் பல ஆகியும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. கிரிக்கெட் அவர்களுக்குத் தாய்ப்பால் போன்ற ஆட்டம். டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி, செம்பனைகளுக்கு நடுவிலுள்ள மண் சாலையில் அவர்கள் மாலை நேரங்களில் ஆடுவதை நாம் பார்த்திருக்கிறோம். சாலையில் ஆடுகிறவர்களைத் திடலுக்கு அழைக்கிறோம், அவ்வளவுதான். முதல் நாள் ஆட்டம், பிறகு அறிமுகம், பேச்சு அதற்கடுத்தபடி. பாரம் அதன் பிறகு வரட்டும். ஆட்டத்தன்று உறுப்பினர் பாரம் எதையும் நீட்டுவதில்லை என்று மன்றம் முடிவு செய்திருக்கிறது. விருந்துக்கு அழைத்தவன் இலையில் கணக்கு எழுதலாகாது.

ஆட்ட ஏற்பாடுகள்

இரண்டு ஆட்டங்களுக்குமான ஏற்பாடுகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஒரு பக்கத்துக்கு 15 ஓவர். ஒருவர் இரண்டு ஓவருக்கு மேல் வீசலாகாது. ஞாயிற்றுக்கிழமை 20 ஓவர்; ஒருவருக்கு மூன்று ஓவர். முப்பது ஓட்டம் எடுத்தவர் தாமாகவே வெளியேறி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். ஆக, எல்லாருக்கும் பந்தோ மட்டையோ கைக்கு வரும். எதிர்க்குழுவுக்கு ஆள் குறைந்தால் நம்மவர்களில் ஒருவரை இரவல் கொடுப்போம். அப்படிப் போகிறவர் அந்தப் பக்கத்துக்காக முழு மனத்தோடு ஆட வேண்டும். நம்மவன்தானே என்று பந்தை நழுவவிடலாகாது.

இரண்டு நாளும் டேப் சுற்றிய பந்தே பயன்படும். தோல் பந்துக்கு வேண்டிய காலுறைக் கவசமும் தலைக்கவசமும் எல்லாரிடமும் இல்லை. பக்கத்துக்கு ஒரு நடுவர். நடுவர் கையைத் தூக்கினால் தூக்கியதுதான், வாதம் கிடையாது. ஓட்டக் கணக்கை நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகள் மலாய் மொழியில் இருக்கும். இரு பக்கத்தாருக்கும் புரிவது அதுவே.

பெண் பிள்ளைகள் ஆடலாமா என்று ஒரு தாயார் கேட்டார். தாராளமாக ஆடலாம். 19 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை 2025 ஜனவரி, பிப்ரவரியில் இந்த மலேசியாவிலேயே நடந்தது. நம் நாட்டுப் பெண்கள் ஆடினார்கள். கோப்பையை வென்ற இந்தியக் குழுவில் தமிழ்நாட்டுப் பெண் கமலினி இருந்தார். சனிக்கிழமை நம் குழுவில் இரண்டு இடங்களைப் பெண்களுக்கென்றே வைத்திருக்கிறோம். பெயர் கொடுங்கள்.

பசியாறலுக்கு வடை, கடலை, ரொட்டி, தேநீர். ஞாயிறு மதியம் சோறு. இறைச்சி எதுவும் வேண்டாம். மரக்கறிச் சமையலாகவே இருக்கட்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர் நம் பக்கம் உண்டு. ஹலால் பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் உண்டு. இரண்டு அடுப்பு மூட்டி இரண்டு பந்தி வைப்பதைவிட, எல்லாரும் ஒரே பானையில் உண்பதே நல்லது. சமைப்பதைத் தாய்மார்கள் ஏற்றுக்கொண்டார்கள். பாத்திரம் கழுவுவதை ஆட்டக்காரர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் பாத்திரத்தைக் குழுத் தலைவர் கழுவுவார்.

பந்தயம் கட்டுவது கூடாது. சம்சுவோ பீரோ திடல் பக்கம் வரக் கூடாது. கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். மழை வந்தால் காத்திருப்போம். ஓவரைக் குறைத்து ஆடுவோம். ஆடவே முடியாவிட்டாலும் கொட்டகையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டே பிரிவோம்.

திடல் நிலைக்க வேண்டும்

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திடலில் புல் வெட்ட ஆள் வேண்டும். வடக்கு ஓரத்தில் லாலாங் முழங்கால் உயரம் வளர்ந்து கிடக்கிறது. இது சிறு வேலை என்று எண்ணாதீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, வீடு இழந்தவர்களைப் பற்றிப் பேசினோம்; கோயிலைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் பேசினோம். கூடவே போன திடல்களைப் பற்றிப் பேசியவர் குறைவு. பந்து உருளும் திடலை எடுக்க நினைப்பவன் ஒரு முறை யோசிப்பான். லாலாங் மண்டிய திடலுக்கு ஒரு வரிசைச் செம்பனைக் கன்று போதும். அடுத்த ஆண்டு அது திடலாக இருந்ததே பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆகவே தோழர்களே, வெள்ளிக்கிழமை கத்தியோடு வாருங்கள். சனிக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்த மனத்தோடு வாருங்கள். ஆடத் தெரிந்தவர் ஆடட்டும், தெரியாதவர் கைதட்டட்டும். எதிர்க்குழு நல்ல பந்து வீசினாலும் கைதட்டுங்கள். ஞாயிறு ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, எத்தனை ஓட்டம் எடுத்தோம் என்று நாங்கள் கேட்க மாட்டோம். செம்பனைப் பிரிவில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று கேட்போம். குறைந்தது பதினொரு பெயர் சொல்ல வேண்டும்.